துண்டிலே ஓர் எழுத்து!

ஐந்து பேர் இருக்கும் வீட்டில் கொடியில் ஐந்து துண்டு தொங்கும். எது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். "நீலக்கோடு போட்டது அப்பாவுது." "இல்லே, அது அண்ணனுது. அப்பாவுது பச்சை." ஒரு பஞ்சாயத்தே நடக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அரை டஜன் ஒரே மாதிரி வாங்கி வந்திருப்போம். கடைசியில் அவசரத்துக்குக் கைக்கு வந்ததை எடுத்துத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? விஷயம் இருக்கிறது, சகோதரிகளே. வீட்டில் ஒருவருக்கு 'மெட்ராஸ் ஐ' வந்தால் அடுத்த நாலு நாளில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிகிறோமே, ஏன்? பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வது தவறு. நோயாளியின் கண்ணீர் பட்ட துண்டு, தலையணை உறை, கைக்குட்டை இவற்றைத் தொட்ட கை நம் கண்ணுக்குப் போகிறது. அப்படித்தான் அது பரவுகிறது. படர்தாமரையும் சிரங்கும் இதே வழியில் துணி மூலமாகப் பரவும். அவரவர் துண்டை அவரவர் உபயோகிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் எது எவருடையது என்று தெரிந்தால்தானே?

துண்டின் ஓரத்தில் ஒரே ஓர் எழுத்து. அதுபோதும். வீட்டிலுள்ள சாதாரணத் தையல் மெஷினிலேயே அதைப் போட்டுவிடலாம்.

சேராங்கொட்டைக் குறி

துணியில் அடையாளம் போடுவது நமக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி வைத்திருப்பார்கள். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி என்று காலர் ஓரத்தில் கறுப்பாக இருக்கும். நாற்பது வீட்டுத் துணியை ஒன்றாகத் துவைத்தாலும் ஒரு துணிகூட மாறாது. அந்தக் கறுப்பு மை எது தெரியுமா? சேராங்கொட்டையின் சாறுதான். அதோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன துவைத்தாலும் போகாது.

ஆனால் சேராங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளமே வந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்தில் இப்படித் தடிப்பு வந்ததைப் பற்றி 1943-ல் டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகையால் பாட்டி வைத்தியப் பெட்டியில் சேராங்கொட்டை இருந்தாலும், துணிக்குக் குறி போட அதை எடுக்க வேண்டாம். நூலே நமக்கு நல்லது.

நம் மெஷினே போதும்

"எம்ப்ராய்டரிக்குத் தனி மெஷின் வேண்டாமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்கள். வேண்டியதில்லை. காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷின், நேர்த் தையல் மட்டும் போடுவது, அதிலேயே செய்யலாம். சிங்கர் கம்பெனி 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மிதி மெஷினில் பூவேலையும் லேஸும் எழுத்தும் போடுவதற்குத் தனிப் புத்தகம் வெளியிட்டிருக்கிறது. இப்போது கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக் கடைகள் வந்துவிட்டன, வாஸ்தவம்தான். ஆனால் ஒரு துண்டில் ஓர் எழுத்துக்காகக் கடைக்கு நடக்க வேண்டுமா?

இதில் உள்ள சூட்சுமம் இவ்வளவுதான். சாதாரணமாகத் தைக்கும்போது துணியை மெஷின் நகர்த்துகிறது. ஊசித் தட்டுக்கு அடியில் இருக்கும் பற்கள் மேலெழுந்து துணியைப் பின்னால் தள்ளுகின்றன. அந்தப் பற்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டால், துணியை நம் இஷ்டத்துக்கு எந்தப் பக்கமும் நகர்த்தலாம். ஊசி பேனா மாதிரி ஒரே இடத்தில் நிற்கும், காகிதத்தை நாம் நகர்த்தி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

தேவையானவை

1. 5 அல்லது 6 அங்குல எம்ப்ராய்டரி வளையம். மரமானால் மெல்லியதாக இருக்கட்டும். தடித்தது ஊசிக்கு அடியில் நுழையாது. உள்வளையத்தில் மெல்லிய நாடாவைச் சுற்றித் தைத்துவிட்டால் துணி வழுக்காது.

2. ஊசி: கைக்குட்டைக்கும் மல் துணிக்கும் 11-ம் நம்பர். துண்டு, தலையணை உறைக்கு 14-ம் நம்பர். புது ஊசியாக இருக்கட்டும்.

3. நூல்: மெஷின் எம்ப்ராய்டரி நூல். பளபளப்பான ரேயான் நூல் பார்க்க அழகு. ஆனால் வெந்நீரில் அலசும் துண்டுகளுக்குப் பருத்தி நூலோ பாலியெஸ்டர் நூலோதான் உழைக்கும். பாபினில் மெல்லிய வெள்ளை நூல் போதும்.

4. டிரேசிங் பேப்பர், எம்ப்ராய்டரி கார்பன் பேப்பர், சிறிய கூர்மையான கத்தரிக்கோல்.

நூல் சாயம் போகுமா என்று முதலில் பாருங்கள். நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். அதேபோல் புதுத் துணியை ஒரு தடவை நனைத்துக் காயவைத்த பிறகே எழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் துணி சுருங்கும், எழுத்து சுருங்காது, சுற்றிலும் சுருக்கம் விழும்.

எந்த எழுத்து?

வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. அந்த எழுத்தை நடுவில் பெரிதாகப் போட்டு இரண்டு பக்கமும் சிறிதாக மற்ற எழுத்துக்களைப் போடுவார்கள். நமக்கு இருப்பது அப்பா பெயரின் இனிஷியல். வீட்டில் குழந்தைகள் எல்லோருக்கும் அது ஒன்றே. ஆகையால் அவரவர் பெயரின் முதல் எழுத்தைப் போடுவதுதான் உபயோகம். சாந்தி, சாவித்திரி என்று இரண்டு 'சா' இருந்தால்? ஒருவருக்குச் சிவப்பு நூல், ஒருவருக்குப் பச்சை நூல். தீர்ந்தது.

தமிழ் எழுத்தே போடுங்கள் என்பேன். 'ப' இருக்கிறதே, அது ஒரு கிண்ணம் மாதிரி. அதன் உள்ளே சின்னதாக ஒரு 'ர' போட்டால் கணவன் மனைவி இருவர் பெயரும் ஒரே இடத்தில் வந்துவிடும். ஜெர்மனியில் 500 வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் பெயரின் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தின் கால்களுக்கு நடுவே 'டி'யைச் செருகித் தன் படங்களில் போட்டார். அவர் செய்ததை நாம் தலையணை உறையில் செய்யக்கூடாதா?

முதல் பழக்கத்துக்கு 'ட' நல்லது. ஒரு செங்குத்துக் கோடு, ஒரு படுக்கைக் கோடு, அவ்வளவுதான். 'ட'வில் ஆரம்பிக்கும் பெயர் நம்மிடம் அபூர்வம். கை பழகத்தான் சொல்கிறேன். அடுத்து 'ப'. பிறகு 'ம', 'வ', 'க'. சுழி அதிகமுள்ள 'அ', 'ஜ', 'ஸ்ரீ' எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: கைக்குட்டைக்கு முக்கால் அங்குலம். சின்னத் துண்டுக்கும் தலையணை உறைக்கும் 2 அங்குலம். பெரிய குளியல் துண்டுக்கு 3 அங்குலம். துண்டில் கரைக்கு மேலே 2 அங்குலம் விட்டு, நடுவில் வரட்டும். கைக்குட்டைக்கு மூலையில் சாய்வாக. தலையணை உறைக்கு வாய்ப்பக்கத்து மடிப்பில் போடுங்கள். நடுவில் போட்டால் கன்னத்தில் உறுத்தும்.

படியெடுப்பது

எழுத்தைக் காகிதத்தில் இரட்டைக் கோடாக எழுதிக்கொள்ளுங்கள். கோட்டின் தடிமன் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதிகமானால் நூல் தொங்கலாக நின்று, வளையலில் மாட்டி இழுபடும். துணியின் மேல் கார்பன், அதன் மேல் எழுத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி வரைந்தால் படிந்துவிடும். முன்னெல்லாம் காகிதத்தில் ஊசியால் வரிசையாக ஓட்டை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சால் தேய்ப்பார்கள். மண்ணெண்ணெய் கிடைப்பதே இப்போது கஷ்டம். கார்பன் போதும்.

மெஷினைத் தயார் செய்வது

பற்களை இறக்க, மெஷின் தட்டிலோ அடியிலோ ஒரு குமிழ் அல்லது திருகு இருக்கும். பழைய மாடல்களில் அது இல்லாமலும் இருக்கலாம். அப்போது பற்களை மூடும் சிறு தகடு கடையில் கிடைக்கும், அதைப் பொருத்தலாம். அதுவும் கிடைக்காவிட்டால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள். பற்கள் அசைந்தாலும் துணியைத் தள்ளாது.

துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிடுங்கள். மேல் நூலின் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மேல் நூல் சற்றே அடிப்பக்கம் இறங்க வேண்டும். பாபின் நூல் மேலே தலைகாட்டக்கூடாது.

இனி வளையம். கையால் பூவேலை செய்யும்போது மாட்டுவதற்கு இது தலைகீழ். வெளிவளையத்தை மேஜையில் வையுங்கள். அதன் மேல் துணியின் நல்ல பக்கம் மேலே தெரிய விரியுங்கள். உள்வளையத்தை மேலிருந்து அழுத்துங்கள். இப்போது துணி மெஷின் தட்டோடு ஒட்டிப் படியும். விரலால் தட்டினால் உடுக்கை மாதிரி சத்தம் வர வேண்டும், அவ்வளவு இறுக்கம்.

தைக்கலாமா?

1. ஊசியை முழுக்க மேலே ஏற்றி, வளையத்தைச் சாய்த்து உள்ளே நுழையுங்கள்.

2. பாதத்தை இறக்கும் பிடியைக் கீழே இறக்குங்கள். "பாதம்தான் இல்லையே, பிடி எதுக்கு?" என்று தோன்றும். அதை இறக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்கும். இறக்காவிட்டால் அடியில் நூல் கூடுகட்டிவிடும்.

3. கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பாபின் நூலை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நாலு தையல். பிறகு நூல் நுனிகளை வெட்டிவிடுங்கள்.

4. முதலில் எழுத்தின் இரு ஓரக் கோடுகள் மேலும் இரண்டு சுற்றுத் தைத்து வாருங்கள். அப்புறம் அந்தக் கோடுகளுக்கு நடுவில் நீளவாக்கில் மேலும் கீழுமாக ஓட்டி நிரப்புங்கள். இந்த நிரப்பல்தான் எழுத்தை மேடாகக் காட்டும்.

5. இப்போது மூடும் தையல். செங்குத்துக் கோட்டுக்கு வளையத்தை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும். படுக்கைக் கோட்டுக்கு முன்னும் பின்னுமாக. ஒவ்வொரு அசைவிலும் ஒரு நூல் அளவு முன்னேறினால் போதும். வளைவு வரும் இடத்தில் வளையத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு போங்கள்.

6. முடியும் இடத்தில் மறுபடி நாலு தையல் ஒரே இடத்தில். பின்பக்கம் புரட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் கத்தரியுங்கள்.

கால் வேகமாக, சீராக மிதிக்க வேண்டும். கை மெதுவாக நகர வேண்டும். இதுதான் பழக வேண்டிய பாடம். காலும் கையும் ஒத்துவர ஒரு வாரம் ஆகும். தினமும் அரை மணி, பழைய வேட்டித் துண்டில் பழகுங்கள். கோணல் வளைவுக் கோடு வரைந்து அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். ஜிக்ஜாக் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஐந்தாவது படி இன்னும் சுலபம். அகலத்தை எழுத்தின் தடிமனுக்கு ஏற்ப வைத்து, வளையத்தை மெதுவாக நகர்த்தினால் மட்டும் போதும்.

விரல் ஜாக்கிரதை! பாதம் இல்லாததால் ஊசிக்கு மறைப்பே கிடையாது. இரண்டு கையும் வளையத்தின் ஓரத்தில்தான் இருக்க வேண்டும். இடையில் எழுந்து போனால் ஊசியை இறக்கி, மோட்டாரானால் சுவிட்சை அணைத்து, மிதி மெஷினானால் பெல்ட்டைத் தள்ளிவிட்டுப் போங்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது.

டர்க்கி டவலுக்கு ஒரு யோசனை

டர்க்கி டவலில் நூல் வளையங்கள் மேலே நிற்பதால் எழுத்து அதற்குள் புதைந்துவிடும். டவலின் மேல் ஒரு வெண்ணெய்க் காகிதத்தை வைத்து, அதன் மேலேயே எழுத்தை வரைந்து, காகிதத்தோடு சேர்த்துத் தையுங்கள். முடிந்ததும் காகிதத்தைக் கிழித்தால் ஊசி ஓட்டை வரிசையில் அழகாகப் பிரிந்து வந்துவிடும். தண்ணீரில் கரைகிற மெல்லிய தாளும் இப்போது எம்ப்ராய்டரிக் கடைகளில் கிடைக்கிறது. மல் துணி போல் மெல்லியதாக இருந்தால் காகிதத்தை அடியில் வையுங்கள்; துணி சுருங்காது.

கோளாறும் பரிகாரமும்

மேல் நூல் அடிக்கடி அறுந்தால் டென்ஷன் இறுக்கமாயிருக்கும், அல்லது ஊசி முனை மழுங்கியிருக்கும். ஊசி உடைந்தால், அது துணிக்குள் இருக்கும்போதே வளையத்தை இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். தையல் விட்டுவிட்டு விழுந்தால் துணி தளர்ந்து, ஊசியோடு மேலே எழும்புகிறது. வளையத்தை மறுபடி இறுக்குங்கள். எழுத்தைச் சுற்றிச் சுருங்கினாலும் காரணம் அதுவே.

இஸ்திரி போடும்போது எழுத்தைக் குப்புற வைத்து, அடியில் ஒரு டர்க்கி டவல் விரித்து, பின்பக்கமாகத் தேயுங்கள். மேடு நசுங்காது. வேலை முடிந்ததும் பாபின் பக்கத்தில் சேர்ந்த பஞ்சைத் தட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு

கைக்குழந்தையின் உடுப்பில் எழுத்துப் போட ஆசைதான். ஆனால் பின்பக்க நூல் குழந்தையின் தோலை உரசும். ஆகவே கீழ் ஓரத்தில் போடுங்கள். அல்லது உள்பக்கம் ஒரு மல் துண்டு வைத்து மூடித் தைத்துவிடுங்கள். ஜரிகை நூல் வேண்டவே வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. கையுறை, காலுறை இவற்றின் உள்ளே நூல் தொங்கவே கூடாது. அந்த நூல் பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கிவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். நூலோ தலைமுடியோ சுற்றியிருந்து எடுக்க வராவிட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு முழுப் பெயரைப் பையின் மேலேயோ சட்டையின் வெளிப்பக்கமோ போடாதீர்கள். முன்பின் தெரியாதவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெரிந்தவர்தான் என்று குழந்தை நம்பிவிடும். வெளியே ஓர் எழுத்து, உள்ளே காலருக்கு அடியில் முழுப் பெயர். ஹாஸ்டலுக்குப் போகும் பெண்ணுக்கும் இதே முறைதான். போர்வை, துண்டு, உள்பாவாடை என்று எல்லாவற்றிலும் ஒரே நிறத்தில் ஒரே எழுத்து இருந்தால், துணி மாறிப்போனாலும் திரும்பி வரும்.

விரல் படிக்கும் எழுத்து

என் மாமியாருக்கு வயது 80-க்கு மேல். கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து பார்வை ரொம்பவும் மங்கிவிட்டது. துண்டு எடுத்துக் கொடுக்க எப்போதும் யாராவது வேண்டும். யாரையும் கூப்பிட அவருக்கு மனசு வராது. ஈரத்தோடு நின்றுகொண்டிருப்பார். அவருடைய துண்டில் 2 அங்குலத்தில் நல்ல மேடாக 'மீ' போட்டுக் கொடுத்தேன். இப்போது கொடியில் தடவிக்கொண்டே போவார். "ஏம்மா, இது என்னுது இல்லையே, இதுல சுழியே காணோமே" என்பார். அடுத்ததைத் தொட்டதும், "ஆங், இதுதான்" என்று தானே எடுத்துக்கொள்வார்.

போர்வை, சால்வை, மாத்திரை வைக்கும் துணிப்பை எல்லாவற்றிலும் இப்போது 'மீ' வந்துவிட்டது. காலை மாத்திரைப் பையில் ஒரு கோடு, ராத்திரிப் பையில் இரண்டு கோடு. கண் செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சத்தை விரல் ஏற்றுக்கொண்டது. பார்வை குறைந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். சுழியோ கோடோ, ஒன்றுக்கொன்று தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிற எழுத்தாக இருக்கட்டும்.

நாலு காசும் வரும்

கை பழகிவிட்டால் இது சின்ன வருமானமும்கூட. கல்யாணத்துக்குத் தலையணை உறை ஜோடி, சீமந்தத்துக்கு மெத்தை விரிப்பு, பிறந்த நாளுக்கு ஆறு கைக்குட்டை கொண்ட பெட்டி, எல்லாம் எழுத்துப் போட்டுக் கொடுத்தால் விரும்பி வாங்குகிறார்கள். விலை போடும்போது துணி, நூல், ஊசி, காகிதம், பெட்டி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். அதோடு, எழுத்துக்கு எத்தனை நிமிஷம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து, உங்கள் கூலியையும் சேருங்கள். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று கூலியை விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது வேண்டாம். எந்த வீட்டில் நாம் சும்மா இருக்கிறோம்?

ஒன்றும் அவசரமில்லை. இந்த வாரம் ஒரு வளையமும் ஒரு நூல்கண்டும் வாங்குங்கள். முதல் துண்டு உங்களுடையதாகவே இருக்கட்டும். வீட்டில் எல்லோருடைய சாமானுக்கும் இடமும் அடையாளமும் தேடுகிறவள், தனக்கென்று ஒரு துண்டை ஒதுக்கி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. மற்றவர்கள் எழுத்தெல்லாம் அடுத்த வாரம் போடலாம்!